மாற்றலாகி வந்த தோழர்கள்

கேள்வி: மத்திய அரசுப் பள்ளியொன்றில் பல மாநிலப் பிள்ளைகளோடு படித்ததாக முன்பு ஒரு பதிலில் குறிப்பிட்டிருந்தீர்கள். அந்த நாட்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்களேன். (வாசகி, ஸ்ரீரங்கம்)

பதில்: எண்பதுகளின் தொடக்கத்தில் ஆவடியிலுள்ள கேந்திரிய வித்யாலயா ஒன்றில் படித்தேன். விஜயந்தா டாங்கிகள் உருவான கனரக வாகனத் தொழிற்சாலையில் அப்பாவுக்கு வேலை. அந்தத் தொழிற்சாலையோடு, படையினருக்குச் சீருடை தைக்கும் தொழிற்சாலை, விமானப்படை நிலையம், மத்திய ரிசர்வ் போலீஸ் முகாம் என்று எல்லாம் அங்கே அடுத்தடுத்து இருந்ததால், எங்கள் வகுப்பில் பஞ்சாபி, வங்காளி, மலையாளி, பீகாரி, தெலுங்குப் பிள்ளைகள் ஒரே பெஞ்சில் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

இந்தப் பள்ளிகள் தோன்றிய காரணமே மாற்றல்தான். ஊர் ஊராகப் போகும் மத்திய அரசு ஊழியர்களின் பிள்ளைகளுக்குப் படிப்பு தடைப்படக் கூடாது என்பதற்காக, 1963-ஆம் ஆண்டு, படைப்பிரிவுகள் நடத்திவந்த 20 பள்ளிகளை ஏற்று இத்திட்டத்தைத் தொடங்கினார்கள். எங்கும் ஒரே பாடத்திட்டம் என்பதால், ஜோத்பூரில் பாதிப் பாடம் படித்தவன் மீதியை ஆவடியில் வந்து படிக்கலாம். ஆனால், பாடம் தொடர்ந்தாலும் நட்பு அறுந்துபோகும். எங்கள் பள்ளி வாழ்வின் ஒரே துயரம் அதுதான். தேர்வு முடிந்ததும் யார் யாருடைய அப்பாவுக்கு மாற்றல் உத்தரவு வந்திருக்கிறது என்று விசாரித்துக்கொள்வோம். நான்கு ஆண்டுகள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வங்காளத் தோழி, மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்த அன்று, பாதி தேய்ந்திருந்த தன் அழிரப்பரை என் கையில் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் ஓடிப்போனாள்.

புதிதாக வருபவர்களை இரண்டு பழைய மாணவர்களுக்கு நடுவே உட்கார வைப்பது எங்கள் வகுப்பாசிரியையின் வழக்கம். அப்படித்தான் ஒரு சீக்கியப் பையன் எனக்கும் ஒரு மலையாளப் பையனுக்கும் நடுவில் வந்து சேர்ந்தான். அவன் கொண்டையை மூடியிருந்த துணி, நான்கு முனைகளிலும் நாடா வைத்துத் தைத்த சிறு சதுரம். ஒரு நாள் கபடி ஆடும்போது அது அவிழ்ந்து, கூந்தல் இடுப்புவரை சரிந்துவிட்டது. இரண்டு பேர் சிரிக்கத் தொடங்கியதும், விளையாட்டு ஆசிரியர் எங்களை வெளிப்பக்கம் பார்த்தபடி அவனைச் சுற்றி வட்டமாக நிற்கச் சொன்னார். அவன் நிதானமாக முடியை முறுக்கிக் கொண்டை போட்டு, நாடாக்களை இறுக்கிக் கட்டி முடிக்கும்வரை நாங்கள் அவனுக்கு மறைப்பாக நின்றோம். ஆசிரியர் எங்களுக்கு எந்த அறிவுரையும் சொல்லவில்லை. ஆட்டம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. இன்றுவரை அந்த ஆசிரியர்மேல் எனக்குள்ள மரியாதை குறையவேயில்லை.

மதியச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தப் பதில் நிறைவடையாது. என் புளியோதரைக்கு வகுப்பில் ஏகக் கிராக்கி. அந்தச் சீக்கியப் பையன் வீட்டு முள்ளங்கிப் பராத்தாவை ஆந்திரத் தோழி கொண்டுவரும் ஆவக்காயோடு தொட்டுத் தின்ற ருசி, அதற்குப் பிறகு எந்த ஓட்டலிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

கேள்வி: அந்தப் பள்ளிகளில் தமிழ் இல்லையே, உங்களுக்கு வருத்தமாக இல்லையா? தமிழை எப்படிக் கற்றீர்கள்? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: வருத்தம் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. எங்கள் கால அட்டவணையில் இந்தியும் சமஸ்கிருதமும் இருந்தன, தமிழ் இல்லை. தமிழ் மண்ணில் நடக்கும் பள்ளியில் தமிழுக்கு ஒரு பாடவேளை இருந்திருக்க வேண்டும் என்று அன்றே அப்பா சொல்வார். இன்று நானும் அதையே சொல்கிறேன். எனக்கு எழுத்துக் கற்பித்தவர் அம்மா. இரவுச் சாப்பாடு முடிந்ததும் அன்றைய நாளிதழில் ஒரு பத்தியை உரக்கப் படிக்கவைத்து, பிறகு அதையே சொல்லச் சொல்லி எழுதவைப்பார். ‘ழ’ சரியாக வரும்வரை விடமாட்டார்.

அதே சமயம், வரலாற்றை இந்தியில் படிக்கத் திணறிய எனக்குச் சொல் சொல்லாகப் பொருள் சொன்னவன் என் பீகார் நண்பன் என்பதையும் நான் சொல்லியாக வேண்டும். பதிலுக்கு நான் அவனுக்குப் பின்னங்கள் சொல்லிக்கொடுத்தேன். பேருந்துப் பலகைகளைக் காட்டித் தமிழ் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கேட்டுக் கற்று, ஆறே மாதத்தில் ‘பட்டாபிராம்’ என்று தானாகவே படித்துவிட்டான் அவன். அன்று அவனைவிட அதிகம் குதித்தவள் நான்தான்.

கேள்வி: அந்த நண்பர்களோடு இன்னும் தொடர்பு உண்டா? (வாசகி, ஓசூர்)

பதில்: சிலரோடு மட்டும் உண்டு. சீக்கிய நண்பன் லூதியானாவில் இருக்கிறான். பொங்கலன்று தவறாமல் தொலைபேசியில் அழைத்து, தமிழில் வாழ்த்துச் சொல்வான். அழிரப்பர் கொடுத்த தோழியைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.