அப்பா பார்க்கும் குழந்தைகள் ஸ்கேனில் தெரிய மாட்டார்கள்

கேள்வி: அப்பாவுக்கு வயது 71. 6 ஆண்டுகளாகப் பார்க்கின்சன். இரண்டு வாரமாக, அறை மூலையில் குழந்தைகள் உட்கார்ந்திருப்பதாகச் சொல்கிறார். எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் 'வயதுக்கேற்ற மூளைச் சுருக்கம்' என்று மட்டும் இருக்கிறது. இன்னும் பெரிய ஸ்கேன் எடுக்கலாமா? ஸ்டெம்செல் ஊசி போட்டால் செத்த செல்கள் வளரும் என்று ஒருவர் சொல்கிறாரே?

பதில்: தலையில் அடிபட்டிருந்தால் ஒழிய, இன்னொரு ஸ்கேனுக்கு ஓடாதீர்கள். பார்க்கின்சனில் ஆல்ஃபா சைனூக்ளின் என்ற புரதம் நரம்புச் செல்லுக்குள் திரண்டு உருண்டையாகிவிடுகிறது. 1912இல் அதை விவரித்த மருத்துவர் பெயரால் 'லூயி உருண்டை' என்கிறோம். மைக்ரோஸ்கோப்பில் தெரியும், எம்.ஆர்.ஐ.யில் தெரியாது. நடுமூளையில் கறுப்பாக ஒரு பட்டை உண்டு. அங்கே உடல் அசைவைச் சீராக்கும் டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள் சாவதால் நடுக்கமும் இறுக்கமும். உருண்டைகள் மேல்மூளைக்கும் பரவினால் கவனம் நிலைக்காது, இல்லாத ஆள் கண்ணுக்குத் தெரிவார். இதெல்லாம் சொல்ல ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடம் கொடுக்காமல் ரிப்போர்ட்டை மட்டும் கையில் திணித்து அனுப்புகிறார்கள்.

ஆனால் இரண்டே வாரத்தில் வந்திருக்கிறது என்பதால் மறதிநோய் என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், உடலில் நீர் குறைவது, புதிதாகச் சேர்ந்த மாத்திரை (முக்கியமாக, நடுக்கத்துக்குத் தரும் ட்ரைஹெக்ஸிஃபெனிடில்) எல்லாமே இப்படிக் காட்டும். முதலில் அவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். அதன் பிறகும் தொடர்ந்தால் ரிவாஸ்டிக்மின் என்ற மறதிநோய் மருந்து பலருக்கு ஓரளவு உதவுகிறது.

எனக்குப் பெரிய பயம் வேறு. இரவில் அவர் கத்தினால் அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு போவீர்கள். அங்கே பழைய சீட்டைப் பார்க்க யாருக்கும் நேரமிருக்காது. கத்துபவரை அடக்க ஹாலோபெரிடால் ஊசி போட்டுவிடுவார்கள். மிச்சமிருக்கும் டோபமைன் வேலையையும் அது அடைத்துவிடும். நடந்து போனவர் மரக்கட்டையாகத் திரும்பிய கதைகள் என்னிடம் நிறைய. 'பார்க்கின்சன், ஹாலோபெரிடால் கூடாது' என்று எழுதி அவர் சட்டைப்பையில் வையுங்கள். வாந்திக்குத் தரும் மெட்டோகுளோபிரமைடும் இதே கேடு செய்யும். டோபமைனை அடைக்கும் வாந்தி மாத்திரைகளில் டோம்பெரிடோன் விலக்கு, ஏனெனில் அது மூளைக்குள் அதிகம் நுழைவதில்லை. அந்த விலக்குக்கும் ஒரு விலக்கு: இதயத் துடிப்பில் கோளாறு இருந்தால் அதுவும் ஆபத்து, ஆகவே ஈசிஜி பார்க்காமல் தரக் கூடாது.

ஸ்டெம்செல் என்று சொன்னவர் மருத்துவரா, கமிஷன் ஏஜென்ட்டா? உண்மையான ஆராய்ச்சியில் டோபமைன் செல்லாக வளரக்கூடியவற்றை அறுவை சிகிச்சை செய்து மூளைக்குள் வைக்கிறார்கள். கை நரம்பிலோ முதுகிலோ போடும் ஊசி அதுவல்ல. அப்படியே வைத்தாலும், மேல்மூளையெங்கும் பரவிய உருண்டைகளை அது என்ன செய்யும்? 'ஆராய்ச்சி' என்று சொல்லிக்கொண்டே உங்களிடம் லட்சக்கணக்கில் கேட்டால், எழுந்து வந்துவிடுங்கள்.

குழந்தைகளைப் பார்ப்பது மாத்திரையால்தான் என்று நினைத்து டோபமைன் குறைவை ஈடுகட்டத் தரும் லெவோடோபாவை மட்டும் நீங்களாகத் திடீரென நிறுத்தாதீர்கள். உடல் விறைத்து, காய்ச்சல் ஏறி, உயிருக்கே ஆபத்தாகலாம். குறைப்பதென்றால் மருத்துவர் சொல்லும் அளவில் மெல்ல மெல்லத்தான்.