ஐ.எஃப்.எஸ்.சி. கோடு, கணக்கு எண், காணாமல் போன பணம்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

வங்கியில் பணப் பரிமாற்றப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வங்கிக்கு வங்கி பணம் அனுப்பும் முறைகளான நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ்., பணம் போக வேண்டிய வங்கிக் கிளையைக் காட்டும் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு (சுருக்கமாக 'கோடு') பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளைச் சுருக்கி, ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கரூரிலிருந்து ஒரு வாசகி: கோடில் ஓர் எழுத்து தப்பாகிவிட்டால் பணம் யாருக்குப் போகும் சார்?

எந்த எழுத்து தப்பானது என்பதைப் பொறுத்தது அம்மா. கோடில் மொத்தம் 11 இடங்கள். முதல் நான்கு எழுத்துகள் வங்கியைக் குறிக்கும். ஐந்தாவது இடத்தில் எப்போதும் பூஜ்யம். கடைசி ஆறு இடங்கள் கிளைக்கு.

கடைசி ஆறில் தப்பு நேர்ந்து, அப்படி ஒரு கிளையே இல்லையென்றால் ஆப் அங்கேயே நிறுத்திவிடும். அதே வங்கியின் வேறு கிளையாக அமைந்துவிட்டால் பெரும்பாலும் பணம் சரியான ஆளுக்கே போய்ச் சேரும். கோர் பேங்கிங், அதாவது எல்லாக் கிளைகளையும் ஒரே கணினி அமைப்பில் இணைப்பது, வந்த பிறகு கணக்கு எண் வங்கி முழுவதற்கும் பொதுவானது; சேலம் கிளையின் கோடைப் போட்டாலும் ஈரோட்டுக் கணக்கை வங்கியின் கணினி கண்டுபிடித்துவிடும். முதல் நான்கு எழுத்துகள் மாறினால் பணம் வேறு வங்கிக்கே போகும். அங்கே அந்த எண்ணில் கணக்கு இல்லையென்றால் திரும்பி வரும்.

எல்லோரும் கோடுக்குப் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டியது கணக்கு எண்ணுக்கு. வந்த பணத்தைக் கணக்கு எண்ணை மட்டும் பார்த்து வரவு வைக்கலாம், எண்ணைச் சரியாகத் தருவது அனுப்புகிறவரின் பொறுப்பு என்று ரிசர்வ் வங்கி 2010 அக்டோபரிலேயே சொல்லிவிட்டது. நீங்கள் 'முருகன்' என்று பெயர் போட்டு அனுப்பினாலும், அந்த எண் மேரியுடையது என்றால் பணம் மேரிக்குத்தான். எண்ணை இரண்டு முறை கேட்கும் கட்டத்தில் முதல் கட்டத்திலிருந்து காப்பி பண்ணி ஒட்டாதீர்கள். பாஸ்புக்கைப் பார்த்து மறுபடி அடியுங்கள்.

திருநெல்வேலியிலிருந்து: அப்படியென்றால் பெயரைச் சரிபார்க்க வழியே இல்லையா?

இப்போது இருக்கிறது. யு.பி.ஐ.யிலும், உடனடியாகப் பணம் போகும் ஐ.எம்.பி.எஸ். முறையிலும் அனுப்புவதற்கு முன் பெயரைப் பார்க்கும் வசதி முன்பே உண்டு. நெஃப்டிலும் ஆர்.டி.ஜி.எஸ்.ஸிலும் அதே வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் கொண்டுவர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. கணக்கு எண்ணும் ஐ.எஃப்.எஸ்.சி.யும் கொடுத்தால், கணக்கு வைத்திருப்பவரின் பெயரை அந்த வங்கியிடமிருந்தே வாங்கிக் காட்டும். கட்டணம் கிடையாது. கிளைக்கு நேரில் போய் அனுப்புகிறவர்களும் கேட்கலாம்.

இன்ஷியல் முன்பின் மாறியிருந்தால் பரவாயில்லை. வேறு பெயரே வந்தால், அல்லது தனி ஆளுக்கு அனுப்பும்போது 'டிரேடர்ஸ்' என்று ஏதாவது வந்தால், நிறுத்திவிட்டுப் போன் போட்டுக் கேளுங்கள்.

நாகர்கோவிலிலிருந்து: ஐந்தாவது எழுத்து பூஜ்யமா, ஆங்கில 'ஓ'வா?

பூஜ்யம்தான் தம்பி. வாட்ஸ்அப்பில் வருகிற கோடுகளில் பாதிக் குழப்பம் இதனால்தான்.

தஞ்சாவூரிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்: சிண்டிகேட் வங்கிக் கணக்கு கனராவுக்கு மாறிவிட்டது. பழைய கோடு இன்னும் பல இடங்களில் கிடக்கிறது. என்ன ஆகும்?

2020 ஏப்ரல் 1-ல் பல வங்கிகள் ஒன்றாயின. சிண்டிகேட் வங்கி கனராவோடும், அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும், ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கியோடும் சேர்ந்தன. அதே ஆண்டு நவம்பரில் நம்ம கரூர் லட்சுமி விலாஸ் வங்கி டி.பி.எஸ். இந்தியாவோடு போய்ச் சேர்ந்தது. பழைய கோடுகள் கொஞ்ச காலம் ஓடின, அப்புறம் நிறுத்தப்பட்டன. சிண்டிகேட் கோடுகள் 2021 ஜூலையிலிருந்து செல்லாது. அதை மாற்றுவது சுலபம் சார்: முன்னால் உள்ள நான்கு எழுத்துகளுக்குப் பதில் கனராவின் சி.என்.ஆர்.பி., பின்னால் உள்ள கிளை எண்ணோடு 10,000 கூட்டுங்கள். 3687 என்று முடிந்தது 13687 என்று முடியும். ஆனாலும் புதிய பாஸ்புக்கில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

சிக்கல் வருவது நாம் மறந்துவிட்ட இடங்களில். பி.எஃப். கணக்கின் கே.ஒய்.சி. (உங்கள் அடையாள, வங்கி விவரங்கள்) பகுதியில் பழைய கோடு இருந்தால் கிளெய்ம் நிராகரிக்கப்படும். வருமான வரி ரீஃபண்டும் அப்படித்தான் நின்றுபோகும். எல்.ஐ.சி., ஷேர் டிவிடெண்ட், வாடகை அனுப்பும் குடித்தனக்காரர் என்று ஒவ்வோர் இடமாக நீங்களே மாற்ற வேண்டும். வங்கி உங்களுக்காக அங்கெல்லாம் சொல்லாது. ஆதார் இணைப்பு வழியாக வரும் கேஸ் மானியத்துக்கு மட்டும் இந்தக் கோடு தேவையில்லை.

அவரே: "வங்கி இணைப்பால் உங்கள் கோடு மாறுகிறது, ஓ.டி.பி. சொல்லுங்கள்" என்று போன் வருகிறதே?

வைத்துவிடுங்கள். கோடு மாற உங்களிடமிருந்து எதுவும் வேண்டியதில்லை. அது கிளையின் எண், உங்கள் எண் இல்லை. இதே ரகத்தில் இன்னொன்று: கூகுளில் கிளையின் கோடைத் தேடும்போது பக்கத்திலேயே 'கஸ்டமர் கேர்' என்று ஒரு கைப்பேசி எண் இருக்கும். அதை நம்பிக் கூப்பிட்டு, அவர்கள் சொல்கிற ஆப்பை இறக்கி, போன் திரையையே அவர்களுக்குக் காட்டி ஏமாந்தவர்கள் நிறைய. கோடு செக் புக்கிலும் பாஸ்புக்கிலும் அச்சாகியிருக்கிறது, ரிசர்வ் வங்கித் தளத்திலும் இருக்கிறது. தொடர்பு எண்ணை உங்கள் ஏ.டி.எம். கார்டின் பின்பக்கத்திலிருந்து எடுங்கள்.

கோவையிலிருந்து: கணக்கு எண்ணும் கோடும் தெரிந்தால் யாராவது பணத்தை எடுத்துவிட முடியுமா?

அந்த இரண்டை மட்டும் வைத்து எடுக்க முடியாது, போடத்தான் முடியும். ஆனால் போடுவதிலும் வம்பு இருக்கிறது. முன்பின் தெரியாதவர் "உங்கள் கணக்கில் பணம் போடுகிறேன், கமிஷன் எடுத்துக்கொண்டு மீதியை வேறு ஒருவருக்கு அனுப்புங்கள்" என்றால் அது திருட்டுப் பணம். பறிகொடுத்தவர் புகார் கொடுத்ததும் போலீஸ் உங்கள் கணக்கைத்தான் முடக்கும். கல்லூரிப் பையன்கள் இதில் மாட்டுகிறார்கள்.

அடையாளத்துக்குச் செக் கேட்டால் குறுக்கே பேனாவால் கோடு கிழித்து 'கேன்சல்டு' என்று எழுதிக் கொடுங்கள். கையெழுத்துப் போடாதீர்கள்.

விழுப்புரத்திலிருந்து: மனை வாங்க எட்டு லட்சம் அனுப்ப வேண்டும். எதில் அனுப்புவது?

ஆர்.டி.ஜி.எஸ்.ஸில் அனுப்புங்கள். அதில் அனுப்பக் குறைந்தபட்சத் தொகை இரண்டு லட்சம். பணம் உடனே போய்விடும், எதிர்ப்பக்கத்து வங்கி அரை மணி நேரத்துக்குள் வரவு வைக்க வேண்டும். நெஃப்ட் அரை மணிக்கு ஒரு முறை தொகுப்பாகப் போகும். தொகுப்பு முடிந்து இரண்டு மணி நேரத்துக்குள் வரவு வைக்க வேண்டும், முடியாவிட்டால் திருப்ப வேண்டும். தாமதித்தால் ரெப்போ விகிதத்தோடு (ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி) 2 சதவீதம் சேர்த்து வட்டி தர வேண்டும் என்பது விதி. யாரும் கேட்பதில்லை என்பதால் யாரும் கொடுப்பதில்லை, நீங்கள் கேளுங்கள். ஐ.எம்.பி.எஸ். ஐந்து லட்சம் வரைதான். நெஃப்ட் 2019 டிசம்பரிலிருந்தும் ஆர்.டி.ஜி.எஸ். 2020 டிசம்பரிலிருந்தும் நாள் முழுக்க ஓடுகின்றன, ஞாயிறும் உண்டு.

இருந்தாலும் பத்திரப் பதிவன்று காலையில் முதல் முறையாக விற்பவரின் கணக்கை ஆப்பில் சேர்த்து அனுப்பலாம் என்று இருக்காதீர்கள். புதிதாகச் சேர்த்த கணக்குக்கு முதல் சில மணி நேரம் பெரிய தொகை அனுப்ப முடியாதபடி பல வங்கிகள் கட்டுப்பாடு வைத்திருக்கின்றன. இரண்டு நாள் முன்பே சேர்த்து, சிறு தொகை அனுப்பி, விற்பவர் போனில் வரவு வந்ததைக் கண்ணால் பாருங்கள். மீதியை அனுப்பும்போது சேமித்து வைத்த அதே பெயரைத் தேர்ந்தெடுங்கள், எண்ணை மறுபடி அடிக்காதீர்கள்.

மதுரையிலிருந்து: தப்பான கணக்குக்கு 40,000 போய்விட்டது. வங்கியில் "நாங்கள் எடுக்க முடியாது" என்கிறார்கள் அண்ணா.

அவர்கள் சொல்வது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. கணக்குக்காரர் சம்மதிக்காமல் வரவான பணத்தை எடுக்க முடியாது. அவரிடம் கேட்டுச் சொல்லும்படி அந்த வங்கிக்கு எழுதுவது உங்கள் வங்கியின் வேலை. யு.டி.ஆர். எண் (அந்தப் பரிமாற்றத்தின் அடையாள எண்), தேதி, தொகை, போக வேண்டிய எண், போன எண் எல்லாம் போட்டு எழுத்தில் கொடுத்து, ரசீது வாங்குங்கள். பெரும்பாலானோர் திருப்பித் தந்துவிடுகிறார்கள். மறுத்தால் போலீஸ் புகார், வக்கீல் நோட்டீஸ். உங்கள் வங்கி 30 நாளில் பதில் தரவில்லையென்றால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம்.

ஏமாற்றி அனுப்ப வைத்திருந்தால் கதை வேறு. கிளை திறக்கும்வரை காத்திருக்காமல் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-ஐக் கூப்பிடுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் முடக்கினால்தான் பயன்.

தர்மபுரியிலிருந்து: தமிழ்நாடு கிராம வங்கியில் கணக்கு. ஆனால் கோடு இந்தியன் வங்கி மாதிரி தொடங்குகிறது. தப்பா?

தப்பில்லை. இந்தியன் வங்கி அதன் ஸ்பான்சர், அதாவது அதற்குப் பின்னால் நிற்கும் ஆதரவு வங்கி, என்பதால் அந்த எழுத்துகள். சில கூட்டுறவு வங்கிகளும் இப்படித்தான், வேறு பெரிய வங்கியின் கோடு வழியாகப் பணம் வாங்குகின்றன.

திருப்பூரிலிருந்து, பனியன் யூனிட் வைத்திருப்பவர்: நூல் சப்ளையர் "கணக்கு மாறிவிட்டது" என்று புதிய எண், கோடோடு மெயில் அனுப்பியிருக்கிறார். மெயில் ஐ.டி. சரியாகத்தான் இருக்கிறது.

மெயிலையே திருடிவிட்டு அதிலிருந்து எழுதுகிற ஆட்கள் இருக்கிறார்கள், அதனால் ஐ.டி. சரியாக இருப்பது எதையும் நிரூபிக்காது. கோடு செல்லுபடியாகும், கணக்கு உண்மையான கணக்காகவே இருக்கும், ஆள் மட்டும் வேறு. மெயிலுக்குக் கீழே இருக்கிற போன் எண்ணைக் கூப்பிடாதீர்கள். போன வருஷத்து பில்லில் இருக்கிற எண்ணில் முதலாளியையே பிடித்து, கணக்கின் கடைசி நான்கு இலக்கங்களை அவர் வாயால் சொல்லச் சொல்லுங்கள்.