வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்காதீர்கள்

கேள்வி: என் மகனுக்கு நாலு வயது. போன மாதம்தான் ஆட்டிசம் என்று சொன்னார்கள். பேச்சுக்கு ஸ்பீச் தெரபி, அன்றாட வேலைகளைப் பழக ஆக்குபேஷனல் தெரபி இரண்டுக்கும் போகிறோம், செலவு கட்டுப்படியாகவில்லை. "இவன் அப்பனும் லேட்டாத்தான் பேசினான்" என்று மாமியார் நம்பவே மாட்டேன் என்கிறார். பார்க்கில் அவன் கத்தினால் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள், அதனால் இப்போது வெளியே போவதே இல்லை. இப்படிப்பட்ட பிள்ளைகளின் பெற்றோர் சேர்ந்து குழுவாக இயங்குகிறார்களாமே, அதில் சேர்ந்தால் பிள்ளைக்கு நிஜமாகவே பலன் இருக்குமா?
- வாசகி, பெரம்பூர்

பதில்: இருக்கும். "வெளியே போவதே இல்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் முதலில் இதற்குத்தான் பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

தெரபி வாரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம். மீதி நேரமெல்லாம் பிள்ளை உங்களோடுதான் இருக்கிறான், அதனால் அவன் கற்றுக்கொள்வதில் பெரும்பகுதி உங்கள் வீட்டில்தான் நடக்க வேண்டும். கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் நடந்து 2016-ல் வெளியான ஒரு ஆய்வில், ஸ்பெஷலிஸ்ட் அல்லாத சாதாரணப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, அவர்கள் மூலமாக 2 முதல் 9 வயதுப் பிள்ளைகளின் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பெற்றோர் பிள்ளையோடு விளையாடுவதை வீடியோ எடுத்து, அதை அவர்களுக்கே போட்டுக்காட்டிப் பேசினார்கள். பிள்ளையின் போக்கைப் புரிந்து பெற்றோர் பதில் கொடுப்பதும், பிள்ளை தானாகவே தொடர்புகொள்ள முயல்வதும் கூடின. உலக சுகாதார நிறுவனமும் இதே வயதுப் பிள்ளைகளின் குடும்பங்களுக்கென்று ஒரு பயிற்சி வைத்திருக்கிறது: 9 குழுக் கூட்டம், 3 முறை வீட்டுக்கு வந்து பார்ப்பது.

இந்தப் பயிற்சிகளில் சொல்லித்தருவது பெரும்பாலும் சின்னச் சின்ன விஷயங்கள். பையன் உங்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் தண்ணீர்க் குடத்துக்கு முன்னால் நிறுத்துகிறான் என்று வையுங்கள். உடனே மொண்டு கொடுத்துவிடாதீர்கள். டம்ளரை உங்கள் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து "தண்ணி" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள். அவன் பார்த்தாலோ, கை நீட்டினாலோ, "த" என்று ஒரு சத்தம் வந்தாலோ போதும், கொடுத்துவிடுங்கள். அழ வைத்து வாங்க வேண்டாம்.

இதை நான் எழுத்தில் சொல்வதைவிட, ஏற்கெனவே செய்து பழகிய இன்னொரு அம்மா செய்வதைப் பார்த்தால் சட்டென்று பிடிபடும். முடிவெட்டுவதையே எடுத்துக்கொள்ளுங்கள், பல வீடுகளில் அது பெரிய போராட்டம். பெற்றோர் குழுவில் கேட்டால் வழி சொல்வார்கள்: கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து சலூனுக்குப் போவது, முதல் தடவை வெட்டாமல் நாற்காலியில் உட்கார்ந்து மெஷின் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு வருவது, பொறுமையான ஒரு சலூன்காரரைப் பிடித்து வைத்துக்கொண்டு எல்லோரும் அவரிடமே போவது. இதற்கெல்லாம் டாக்டரிடம் சீட்டு கிடையாது.

சரி, எங்கே போவது? உங்களுக்கு எழும்பூர் பக்கம்தான். அங்குள்ள அரசு குழந்தைகள் மருத்துவமனையில் வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளை ஆரம்பத்திலேயே கண்டறிந்து உதவும் மையம் இருக்கிறது, காசு இல்லை. முட்டுக்காட்டில் 2005 முதல் இயங்கும் மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் பெரம்பூரிலிருந்து தூரம்தான், ஆனாலும் ஒருமுறை போய் முழு மதிப்பீடு செய்துகொள்வது நல்லது. கோட்டூர்புரம் வித்யாசாகர் மாதிரி பல வருட அனுபவமுள்ள தொண்டு அமைப்புகளும் உண்டு. எங்கே போனாலும் வெளியே பெஞ்சில் காத்திருக்கும் பெற்றோரிடம் பேச்சுக் கொடுங்கள், போன் நம்பர் வாங்குங்கள். பல குழுக்கள் அந்த பெஞ்சில்தான் ஆரம்பிக்கின்றன.

செலவு விஷயத்துக்கு, 2016 ஊனமுற்றோர் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் வருகிறது. மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கும் யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் இப்போதே விண்ணப்பியுங்கள். சின்னப் பிள்ளைகளுக்குத் தற்காலிகமாகக் கொடுத்துப் பிறகு மறுபடி பார்ப்பார்கள், அதை நினைத்துத் தள்ளிப்போட வேண்டாம். சான்றிதழ் வந்தால் மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் சேரலாம், வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை, தெரபிக்கும் ஒரு வரம்புக்குள் பணம் கிடைக்கும். சான்றிதழில் குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி சட்டப்படி உரிமை. "சர்டிபிகேட் வாங்கினா முத்திரை குத்திடுவாங்க" என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

குழுக்களில் ஒரு விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை. ஸ்டெம் செல் போட்டால் சரியாகிவிடும், உடம்பிலிருந்து உலோகத்தை எடுத்தால் பேசிவிடுவான் என்று யாராவது லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். பலன் நிரூபிக்கப்படவில்லை, ஆபத்து உண்டு. தெரபியை நிறுத்தச் சொல்கிறவர்களையும் நம்பாதீர்கள்.

மாமியாரிடம் வாதாட வேண்டாம். அடுத்த தெரபிக்கு அவரையும் அழைத்துப் போய் உள்ளே உட்கார வையுங்கள். பேரன்மேல் உள்ள பாசத்தில்தான் மறுக்கிறார், வேலை ஒன்றைக் கையில் கொடுத்தால் பல பாட்டிகள் தெரபிஸ்டையே மிஞ்சிவிடுகிறார்கள். பார்க்கைப் பொறுத்தவரை, வெயில் ஏறுவதற்கு முன்னால் கூட்டம் இல்லாதபோது பத்து நிமிடம் போங்கள், அவன் கத்தத் தொடங்கும் முன்பே திரும்பிவிடுங்கள், அப்புறம் மெல்ல நேரத்தைக் கூட்டலாம். யாராவது முறைத்தால் "அவனுக்கு ஆட்டிசம், சத்தம் தாங்காது" என்று ஒரு வரி போதும், அதற்கு மேல் யாருக்கும் விளக்கம் சொல்லக் கடமைப்படவில்லை நீங்கள்.

கடைசியாக உங்களைப் பற்றி. தூக்கம் வராமல், காரணமில்லாமல் அழுகை வந்துகொண்டே, எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் டாக்டரைப் பாருங்கள், அல்லது 14416-க்குப் போன் செய்யுங்கள். அரசின் டெலி-மனஸ் இலவச எண், தமிழிலேயே பேசலாம். நேரம் காலம் பார்க்க வேண்டாம், ராத்திரியிலும் எடுப்பார்கள்.