‘பாதுகாப்புத் தொழில்நுட்பம்’ என்ற பெயருக்காகக் காணியை ஈடு வைக்காதீர்கள்

அன்புள்ள அம்மா,

உங்கள் மகன் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவில் மூன்று பாடமும் சித்தியடைந்திருக்கிறார். பல்கலைக்கழக அனுமதிக்கு வேண்டிய இசட் புள்ளிதான் எட்டவில்லை. பத்தொன்பது வயதில் இது ஒரு பெரிய இழப்பே இல்லை, பதற வேண்டாம். ஆறுதல் இவ்வளவுதான். மிச்சத்துக்கு நான் உங்களோடு கொஞ்சம் வாதாடத்தான் வேண்டியிருக்கிறது.

உங்கள் தம்பி கனடாவிலிருந்து சொல்கிறார்: “உக்ரைன் சண்டையைப் பாருங்கோ அக்கா, பத்துப் பேர் இருக்கிற கம்பனியெல்லாம் ட்ரோன் செய்து ஆமிக்கு விக்குது. இனி அதுதான் படிப்பு.” அதற்காகக் கொழும்பில் ஒரு தனியார் கல்லூரி. விமானவியலும் பாதுகாப்புத் தொழில்நுட்பமும் சேர்ந்த ஒரு பட்டம், கடைசி வருடம் வெளிநாட்டில். மொத்தம் 70 லட்சம். உப்புவெளிக் காணியை வங்கியில் ஈடு வைத்தால் சரிவரும் என்று எழுதியிருக்கிறீர்கள்.

தம்பி சொன்னதில் பாதி உண்மை. இராணுவத்துக்கான புதுத் தொழில்நுட்பம் பெரிய ஆயுதக் கம்பனிகளில் மட்டும் பிறப்பதில்லை. அமெரிக்கா 1982இலேயே இதற்கு ஒரு சட்டம் போட்டது. எஸ்.பி.ஐ.ஆர். என்பார்கள். அரசின் பெரிய திணைக்களங்கள் வெளியே கொடுக்கும் ஆராய்ச்சிப் பணத்தில் ஒரு பங்கை, 500 பேருக்கு மேற்படாத சிறு கம்பனிகளுக்கு ஒதுக்கியே ஆக வேண்டும் என்றது அந்தச் சட்டம். அந்தப் பங்கு 3.2 சதவீதம் வரை உயர்ந்தது, அதில் பெரும்பகுதி பாதுகாப்புத் திணைக்களத்தினுடையது. இந்தியா 2018இல் ஐடெக்ஸ் என்று, படைக்கான புதுக் கருவி செய்யும் சிறு கம்பனிகளுக்குப் பணம் கொடுக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் சென்னை, கோயம்புத்தூர், ஓசூர், சேலம், திருச்சி என்று ஐந்து ஊர்களை இணைத்துப் பாதுகாப்புத் தொழில் வழித்தடமும் உண்டு.

மற்றப் பாதியைத் தம்பி சொல்லவில்லை. இந்தப் பணமெல்லாம் அந்தந்த நாட்டுக் கம்பனிகளுக்கு. அதைவிட முக்கியமானது, அமெரிக்காவின் ஆயுத ஏற்றுமதி விதிப்படி, இராணுவக் கருவி ஒன்றின் வரைபடத்தைக் கம்பனிக்குள்ளேயே ஒரு வெளிநாட்டவருக்குக் காட்டினாலும் அது ஏற்றுமதிதான். குடியுரிமையோ நிரந்தர வதிவுரிமையோ இல்லாத ஒருவரை அந்த மாதிரி வேலைக்கு வைக்கப் பொதுவாகத் தனி அனுமதி எடுக்க வேண்டும். பத்துப் பேர் உள்ள கம்பனி, மாணவர் விசாவில் வந்த ஒரு திருகோணமலைப் பிள்ளைக்காக அந்தக் கடதாசிகளோடு அலையுமா? சான்றிதழில் ‘பாதுகாப்பு’ என்ற சொல் இருக்கிறது என்பதற்காக ஒருவரும் கதவு திறக்கப்போவதில்லை.

வருமானத்தையும் பாருங்கள். நான் சொன்ன எஸ்.பி.ஐ.ஆர். நிதி கட்டம் கட்டமாகத்தான் வரும். முதல் கட்டப் பணம், யோசனை சரிவருமா என்று காட்ட. இரண்டாம் கட்டம், மாதிரிக் கருவி செய்ய, ஏறக்குறைய இரண்டு வருடம். மூன்றாம் கட்டத்தில் அந்த நிதியிலிருந்து ஒரு சதமும் வராது, படை தன் வரவுசெலவிலிருந்து வாங்க வேண்டும், இல்லையென்றால் கம்பனி வெளியே பணம் தேட வேண்டும். மாதிரி நன்றாக வேலை செய்தும் வாங்க ஆளில்லாமல் மூடிய கம்பனிகள் நிறைய. அப்படி ஆடிக்கொண்டிருக்கும் சம்பளத்தை நம்பி காணிக் கடனைக் கட்டுவது நடக்காது. அந்தக் காணியில் மகளுக்கும் பங்கு இருக்கிறது, அவரிடம் யாராவது கேட்டீர்களா?

பிறகு மகனின் விஷயம். அவர் எனக்குத் தனியாகக் குரல் பதிவு அனுப்பியிருந்தார். “எனக்குப் பறக்கிறதும் வேண்டாம், ஆக்களுக்கு மேலே விழுற சாமானும் வேண்டாம். கொட்பேயில சித்தப்பாட போட்டில மீன் பாக்கிற மெஷின் பழுதானா நான்தான் திருத்துறது. அது மாதிரி ஏதும் இருக்கா?” இதைச் சின்னப்பிள்ளைப் பேச்சு என்று தள்ளிவிட்டால் நான் கோபிப்பேன். சண்டை நடந்த ஊரில் வளர்ந்த பிள்ளை எதைச் செய்யமாட்டேன் என்கிறாரோ, அதை மாற்ற உங்களுக்கும் உரிமையில்லை, கனடாவுக்கும் இல்லை.

அவர் கேட்டது இருக்கிறது. கடலடிக் கருவிகள்.

ரீமஸ் என்று ஒரு சிறிய தானியங்கி நீர்மூழ்கி உண்டு. அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடலாய்வு நிறுவனம் கடலை அளப்பதற்காகச் செய்தது. அதை விற்க 2001இல் ஹைட்ராய்ட் என்ற சிறு கம்பனி பிறந்தது. 2003இல் ஈராக்கின் உம் கசர் துறைமுகத்தில் கண்ணிவெடி தேட அதே கருவியை இறக்கினார்கள். பின்னர் நோர்வேயின் கொங்ஸ்பெர்க் அந்தக் கம்பனியை வாங்கியது. கருவி ஒன்றுதான். காலையில் கடற்புல்லை அளக்கும், மாலையில் வெடி தேடும். இந்தத் துறையில் படை வாங்காவிட்டாலும் துறைமுகம் வாங்கும், கடலடிக் கேபிள் போடுபவர் வாங்குவார், மீன்வள ஆய்வாளர் வாங்குவார். பிழைப்பு ஒரே வாசலில் தொங்காது. எந்த வாசலுக்கு வேலை செய்வது என்று மகன் நேர்முகத்திலேயே கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். தண்ணீருக்குள் ஜி.பி.எஸ். கிடையாது, வானொலி அலை சில அடி போவதற்குள் செத்துவிடும். எல்லாம் ஒலியால்தான். கடல்நீரில் ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 1,500 மீற்றர் போகும், நீர் சூடானால் இன்னும் வேகம். இதைக் கணக்கில் எடுக்காவிட்டால் ஆழம் பிழைக்கும். 100 மீற்றர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரிலும் ஏறக்குறைய 10 கிலோ பாரம் கூடுதலாக அழுத்தும். அப்போது கருவியைக் காப்பாற்றுவது ஒரு இறப்பர் வளையம். அது உட்காரும் பள்ளத்தில் ஒரு தலைமுடி கிடந்தாலும் நீர் புகும், உள்ளே இருக்கும் அத்தனை இலத்திரனியலும் போய்விடும். வளையத்தைத் துடைத்து, கிறீஸ் மெல்லியதாய்ப் பூசி, மூடி, உள்ளே காற்றை உறிஞ்சிப் பார்த்து, அழுத்தம் அசையாமல் நிற்கிறதா என்று காத்திருந்து, அதன் பிறகே இறக்குவார்கள். இணைப்பிகளுக்கு ரெசின் ஊற்றுவது, லிதியம் பற்றரியைப் பார்த்துக்கொள்வது, திசைகாட்டியைச் சரிசெய்வது, கருவியின் உலோகத்துக்குப் பதிலாக உப்பில் தான் அரிபடும் துத்தநாகத் துண்டை (அனோட்) மாற்றுவது, ஒவ்வொன்றையும் நேரத்தோடு குறிப்பேட்டில் எழுதுவது. பொறியியலாளர் கணினியில் வரைவார். கருவி திரும்பி வருமா வராதா என்பது இந்தக் கைகளில். மீன் பார்க்கும் கருவியைத் திருத்தும் பையனுக்கு ஒலியலையும் உப்பும் ஏற்கெனவே பழக்கம், இதைவிட நல்ல தொடக்கம் வேறென்ன?

வழி இதுதான். திருகோணமலைத் தொழில்நுட்பக் கல்லூரியில் இலத்திரனியல் அல்லது அதற்கு நெருங்கிய பாடநெறி இப்போது எந்த என்.வி.கியூ. (தேசியத் தொழில் தகைமை) மட்டத்தில் நடக்கிறது என்று நேரில் போய்க் கேளுங்கள். மட்டம் 4 முடித்தால் 5, 6இல் டிப்ளோமா, அதன் பிறகு இரத்மலானையில் தொழில்சார் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மட்டம் 7, அதுவும் பட்டம்தான். அரசு நிறுவனங்கள் என்பதால் செலவு உங்களால் தாங்கக்கூடியது. இடையில் வெல்டிங்கும் லேத்தும் கொஞ்சம். ஆங்கிலத்தில் கருவிக் கையேடு வாசிக்கும் பழக்கம் கட்டாயம், அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இப்போதே ஒன்று தொடங்கலாம். சீபேர்ச் என்று பள்ளி மாணவருக்கான நீரடி ரோபோ ஒன்று இருக்கிறது. பி.வி.சி. குழாயும் சின்ன மோட்டார்களும்தான். அதற்குப் பணம் கொடுத்து வளர்த்ததே அமெரிக்கக் கடற்படையின் ஆராய்ச்சி அலுவலகம். செய்முறை இணையத்தில் இருக்கிறது. செய்து வீட்டுச் சீமெந்துத் தொட்டியில் ஓட்டிப் பார்க்கட்டும். துறைமுகத்தில் இறக்கிப் பார்க்கும் எண்ணம் வேண்டவே வேண்டாம், கடற்படைக்கு விளக்கம் சொல்லி மாளாது. கனடா மாமாவுக்கு உதவ ஆசையென்றால் ஒரு நல்ல மல்டிமீற்றரும் சோல்டரிங் ஸ்டேஷனும் அனுப்பட்டும்.

தனியார் கல்லூரிக்கு முற்பணம் கட்டாதீர்கள். கட்டச் சொல்லி அழுத்தினால், இந்தப் பட்டத்தோடு எந்தக் கம்பனியில், எந்த விசாவில், யார் வேலைக்குப் போனார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். தொழில்நுட்பக் கல்லூரி விண்ணப்பத்தை மகனே நிரப்பட்டும். நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும்.