பதில்: அந்தச் சிலைக்கு நான்கு கைகளா?

நீங்கள் போட்ட படத்தில் மணிக்கட்டுக்குக் கீழே இன்னொரு ஜோடி கைகள் தொங்குவதால் நான்கு கைக் கடவுள் என்று நினைத்திருக்கிறீர்கள். இல்லை, அவை வேறொருவருடைய கைகள். இவர் ஷிப்பே டோடெக், பழைய மெக்சிகோவின் அஸ்டெக் மக்களுடைய கடவுள். தோலுரிக்கப்பட்ட நம் தலைவர் என்று பொருள். பலியானவரின் தோலைச் சட்டைபோல் அணிந்திருக்கிறார். வாயைப் பெரிதாக்கிப் பாருங்கள், உதட்டுக்குள் இன்னொரு உதடு தெரியும். சில சிலைகளில் மார்பில் ஒரு தையலும் இருக்கும், இதயத்தை எடுத்த இடம் அது. எனக்கு இன்றும் மனதை உலுக்கும் இடம் அதுதான்.

இவருடைய திருவிழா எது என்று கேட்டிருந்தீர்கள். த்லகஷிப்பேவாலிஸ்த்லி, ஏறத்தாழ மார்ச்சில் வந்தது. அப்போது சிலர் அந்தத் தோலை 20 நாள் வரை அணிந்தே திரிந்தார்கள். காய்ந்த மேலுறை கிழிந்து சோள முளை வருவதைத்தான் இது காட்டுகிறது என்று பலர் விளக்குகிறார்கள். எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது.

அப்புறம், கட்டுரையில் இந்த விழாவை அஸ்டெக் நாட்காட்டியின் 260 நாள் சுற்றில் சேர்த்திருக்கிறீர்கள், மாற்றிவிடுங்கள். அது நாள் பலன் பார்க்கும் கணக்கு. இந்த விழா 365 நாள் ஆண்டுக்குரியது: 20 நாள் கொண்ட 18 மாதங்கள், கடைசியில் கெட்ட நாட்களாக ஒதுக்கிய 5 நாள்.