கொலம்பஸ் க்வெஸ்ட்: இரண்டு கோப்பை, இரண்டரை சீசன். கேட்டதும் சொன்னதும்

பெண்கள் கூடைப்பந்தில் ஆடிய லீகில் எல்லாக் கோப்பையையும் வாங்கிவிட்டுக் காணாமல் போன ஒரு அணி உண்டு. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்துக் கொலம்பஸ் க்வெஸ்ட். இன்றைக்கு அதைப் பற்றி மட்டும் பேசலாம். ஆரம்பிக்கும் முன் ஒன்று: இவர்கள் ஆடியது ஏபிஎல், அதாவது அமெரிக்கன் பாஸ்கெட்பால் லீக். இன்றைக்கும் நடக்கிற பெண்கள் லீகான டபிள்யூஎன்பிஏ அல்ல. இதை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

நெட்டைக்கால்: பேரே கேள்விப்பட்டதில்லை. சுருக்கமாக ஒரு அறிமுகம்?

1996 அட்லாண்டா ஒலிம்பிக்குக்காக அமெரிக்கப் பெண்கள் அணி ஒரு வருடம் முழுக்கச் சேர்ந்து பயிற்சி எடுத்தது. ஒலிம்பிக்கையும் சேர்த்து 60 ஆட்டம், 60 வெற்றி. அந்தச் சூடு ஆறுவதற்குள் லீக் தொடங்கிவிட வேண்டும் என்று இரண்டு தரப்பு ஓடியது. கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் இருந்த ஏபிஎல் முந்திக்கொண்டு, 1996 அக்டோபரிலேயே எட்டு அணிகளோடு ஆட்டத்தைத் தொடங்கிவிட்டது. ஆண்கள் லீகான என்பிஏவின் ஆதரவில் வந்த டபிள்யூஎன்பிஏ 1997 கோடையில்தான் களத்துக்கு வந்தது.

அந்த எட்டில் ஒன்று க்வெஸ்ட். பயிற்சியாளர் பிரையன் ஆக்லர். முதல் சீசனில் 40 ஆட்டத்தில் 31 வெற்றி. இறுதிச்சுற்றில் டான் ஸ்டேலி ஆடிய ரிச்மண்ட் ரேஜை 3-2 என்று வென்றார்கள். இரண்டாவது சீசனில் 44 ஆட்டத்தில் 36 வெற்றி. இறுதிச்சுற்றில் லாங் பீச் ஸ்டிங்ரேஸிடம் முதல் இரண்டு ஆட்டத்தைக் கோட்டைவிட்டு, அடுத்த மூன்றையும் வரிசையாக ஜெயித்தார்கள். மூன்றாவது சீசன் பாதியில் இருக்கும்போது லீகையே இழுத்து மூடிவிட்டார்கள். அவ்வளவுதான் அணியின் ஆயுள்.

ஈரோட்டுக்காரன்: டபிள்யூஎன்பிஏவில் எந்த வருடம் சேர்ந்தார்கள்?

சேரவே இல்லை. மேலே பாருங்கள்.

ராப்பறவை: இவ்வளவு ஜெயித்தும் கூட்டம் வரவில்லை என்று படித்தேன். உண்மையா?

உண்மைதான். லீகிலேயே நன்றாக ஆடிய அணிக்கு லீகிலேயே அதிகக் கூட்டம் கிடைக்கவில்லை. கூட்டம் என்றால் அதே லீகின் நியூ இங்கிலாந்து ப்ளிஸர்ட் அணிக்குத்தான். கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் ஆடிய பெண்களை அந்த ஊர் வீட்டுப் பிள்ளைகளாகவே பார்த்தது. அவர்களில் ஜென் ரிஸோட்டியும் காரா வோல்டர்ஸும் அங்கேயே ஆடியதால் அரங்கம் நிறைந்தது.

க்வெஸ்ட் ஆடிய பேட்டல் ஹால் விளையாட்டரங்கமே அல்ல. கொலம்பஸ் மாநாட்டு மையத்துக்குள் இருக்கும் பெரிய கூடம். கண்காட்சியும் கச்சேரியும் நடக்கிற இடத்தில் மரத்தளம் விரித்து, கூடை நிறுத்தி ஆட வேண்டும். நிரம்பினால் ஆறாயிரத்துச் சொச்சம் பேர் உட்காரலாம், நிரம்பியது அபூர்வம். பிற்பாடு அதைப் புதுப்பித்து விருந்து மண்டபமாக்கிவிட்டார்கள். இரண்டு சாம்பியன் பட்டம் வென்ற தளத்தில் இப்போது கல்யாண வரவேற்பு நடக்கிறது.

இன்னொரு சங்கதி, கொலம்பஸ் அடிப்படையில் கல்லூரி ஊர். ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து (கையில் பந்தை எடுத்து ஓடுகிற ஆட்டம்) என்றால் ஊரே சிவப்புச் சட்டை போடும். ஏபிஎல் ஆடியதோ குளிர்காலத்தில். அக்டோபரிலிருந்து மார்ச் வரை கல்லூரிக் கால்பந்து, கல்லூரிக் கூடைப்பந்து, தொழில்முறை அமெரிக்கக் கால்பந்தான என்எஃப்எல், என்பிஏ எல்லாம் மேலே விழுகிற நேரத்தில் புது அணிக்கு யார் கண் திரும்பும்?

பந்துப்பிரியை: வேலரி ஸ்டில் பற்றிச் சொல்லுங்கள். அம்மா வயதில் ஆடினார் என்கிறார்களே?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

ஸ்டில் கென்டக்கி பல்கலைக்கழகத்தில் 2,763 புள்ளி எடுத்தவர். அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆண், பெண் இரண்டு அணிகளையும் சேர்த்துப் பார்த்தாலும் அவ்வளவு எடுத்தவர் யாரும் இல்லை. கென்டக்கியின் ஆண்கள் அணி எத்தனை பெரிய பெயர் என்று தெரிந்தவர்களுக்கு இதன் கனம் புரியும். 1983இல் படிப்பை முடித்தபோது அமெரிக்காவில் ஆட லீக் இல்லை. இத்தாலிக்குப் போய் வருடக்கணக்கில் ஆடினார். கல்யாணம், குழந்தை, ஆட்டம் போதும் என்ற நிலை. அப்போதுதான் சொந்த நாட்டில் லீக் வருகிறது. 35 வயதில் க்வெஸ்டில் சேர்கிறார்.

வந்து பெஞ்சில் உட்காரவில்லை. 1997 இறுதிச்சுற்றின் சிறந்த வீராங்கனை அவர்தான். 1998லும் அவர்தான். பத்து, பன்னிரண்டு வயது இளைய பெண்களோடு கூடைக்குக் கீழே முட்டி மோதி, எதிராளிக்கு முதுகைக் கொடுத்து இடம்பிடித்து, மெதுவாகத் திரும்பிப் போடுகிற பழைய பாணி ஆட்டம். எகிறிக் குதிக்கிற வயது போய்விட்டது. எங்கே நிற்க வேண்டும் என்பது மட்டும் போகவில்லை. 2019இல் பெண்கள் கூடைப்பந்தின் புகழ்க்கூடத்தில் சேர்த்தார்கள். ரொம்பத் தாமதம் என்பது என் கட்சி.

சும்மா ஒரு சந்தேகம்: சம்பளம் எவ்வளவு?

குறைந்தது 40,000 டாலர், சராசரி 70,000 டாலர் அளவில், பெரிய பெயர்களுக்கு 150,000 வரை. டபிள்யூஎன்பிஏவில் ஆரம்ப வருடங்களில் விளம்பர முகங்கள் சிலரைத் தவிர மற்றவர்களுக்கு 50,000 டாலரைத் தாண்டவில்லை. ஜெனிஃபர் அஸி, தெரேசா எட்வர்ட்ஸ் மாதிரி ஒலிம்பிக் தங்கம் வென்றவர்கள் ஏபிஎல்லைத் தேர்ந்தெடுத்ததற்கு இதுவும் காரணம்.

கோவை சிங்கம்: டபிள்யூஎன்பிஏ ஏன் இந்த அணியைக் கலைத்தது?

கலைக்கவில்லை. வேறு லீக். இது இரண்டாவது தடவை.

மணல்மேடு: அப்படியென்றால் லீக் ஏன் மூடியது? சம்பளம் அதிகம் கொடுத்துத் திவாலானதா?

சம்பளத்தின் மேல் பழி போடுவது சுலபம். 1998 டிசம்பர் 22, கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் முன்பு, ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் திவால் மனு கொடுத்தார்கள். மூன்று விஷயத்தைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தொலைக்காட்சிதான் முதல் அடி. டபிள்யூஎன்பிஏ ஆட்டங்கள் என்பிசி, ஈஎஸ்பிஎன், லைஃப்டைம் என்று மூன்று இடத்தில் ஓடின. ஏபிஎல்லுக்குக் கேபிளின் ஓரத்து அலைவரிசைகள்தான் கிடைத்தன. டிவியில் தெரியாத லீகுக்கு விளம்பரதாரர் எப்படி வருவார்? விளம்பரதாரர் இல்லாத லீகை எந்த டிவி வாங்கும்?

அடுத்தது அரங்கம். டபிள்யூஎன்பிஏ அணிகளுக்குப் பின்னால் என்பிஏ முதலாளிகள் இருந்தார்கள். கோடையில் சும்மா கிடக்கிற அரங்கம், டிக்கெட் விற்கிற ஆட்கள் எல்லாம் கையில் தயார். ஏபிஎல் ஒவ்வொரு ஊரிலும் வாடகைக்கு இடம் தேடியது.

பலரும் கவனிக்காதது மூன்றாவது. ஏபிஎல்லில் அணிகளுக்குத் தனி முதலாளி கிடையாது, எல்லாமே லீகின் சொத்து. ஒரே பை. பணம் இருக்கும்வரை எல்லா அணிக்கும் சமமான நியாயம். பை காலியானால் நன்றாக ஆடுகிறவளுக்கும் சேர்த்தே கதவடைப்பு. அட்லாண்டா, லாங் பீச் அணிகளை 1998லேயே மூடினார்கள். சிகாகோ, நாஷ்வில் என்று இரண்டு புது அணி வேறு தொடங்கினார்கள். கையில் காசில்லாத வருடத்தில் அதைச் செய்திருக்க வேண்டாம்.

ஜெர்சி ராஜா: பழைய க்வெஸ்ட் ஜெர்சி எங்கே வாங்கலாம்?

விலை, விற்பனை நமக்குத் தெரியாத துறை. ஏல விற்பனைத் தளங்களில் தேடுங்கள்.

குட்டைக்கை: ஏபிஎல்லில் கண்ணைக் கட்டிக்கொண்டு டங்க் (எகிறிப் பந்தைக் கூடைக்குள் அழுத்துவது) போட்டார்களாமே?

ஆமாம். 1998 ஆல்ஸ்டார் நிகழ்ச்சியில் சில்வியா க்ராலி. ஆனால் அவர் கொலராடோ எக்ஸ்ப்ளோஷன், க்வெஸ்ட் அல்ல.

சியாட்டில் சுப்பு: சியாட்டில் ரெயின் கூட அந்த லீகில் இருந்ததே, அதுதானே இப்போது கால்பந்து ஆடுகிறது?

அது வேறு. கால்பந்து அணி பல வருடம் கழித்து அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது, பழைய அணியின் நினைவாக.

ஹூஸ்டன் வெறியன்: எல்லாம் சரி சார். உங்கள் க்வெஸ்ட் 1998 டபிள்யூஎன்பிஏ சாம்பியன் ஹூஸ்டன் காமெட்ஸ் முன்னால் நின்றிருக்குமா? 27 வெற்றி, 3 தோல்வி. சிந்தியா கூப்பர், ஷெரில் ஸ்வூப்ஸ், டினா தாம்ப்ஸன். வாய்ப்பே இல்லை.

வந்துவிட்டார். இரண்டு லீகும் ஒரு தடவைகூட மோதவில்லை, அதனால் இது தீராத வழக்கு. ஆனால் 'வாய்ப்பே இல்லை' என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஹூஸ்டன் வெறியன்: ஆதாரம் தருகிறேன். 1999இல் ஆக்லர் டபிள்யூஎன்பிஏவின் மின்னசோட்டா லிங்க்ஸ் அணிக்குப் பயிற்சியாளர். கேட்டி ஸ்மித், டோன்யா எட்வர்ட்ஸ், ஆண்ட்ரியா லாயிட் எல்லோரையும் கூடவே கூட்டிக்கொண்டு போனார். கிட்டத்தட்ட க்வெஸ்டேதான். முடிவு? 15 வெற்றி, 17 தோல்வி. அதே வருடம் காமெட்ஸ் மறுபடியும் சாம்பியன்.

எண் சரி. 'கிட்டத்தட்ட க்வெஸ்டேதான்' என்பதுதான் தப்பு. ஸ்டில் வாஷிங்டன் போனார், 38 வயதில். முதல் சீசனின் சிறந்த வீராங்கனை நிக்கி மெக்ரே ஒரு வருடம் முன்பே வாஷிங்டனுக்குத் தாவிவிட்டார். ஷானன் ஜான்சன் ஆர்லாண்டோ போனார். நடுவில் ஆள் இல்லை, பந்தை நகர்த்த ஆள் இல்லை. தேரில் சக்கரத்தைக் கழற்றிவிட்டு ஓடவில்லை என்றால் எப்படி?

ராப்பறவை: நான் சார் பக்கம். யோலண்டா க்ரிஃபித்தை மறக்காதீர்கள்!

அதைத்தான் சொல்ல வந்தேன். 1998 இறுதிச்சுற்றில் க்வெஸ்டிடம் தோற்ற லாங் பீச்சின் நடுவாட்டக்காரி க்ரிஃபித். அவர் 1999இல் டபிள்யூஎன்பிஏ வந்த முதல் வருடமே லீகின் சிறந்த வீராங்கனை. முந்தைய வருடம் 8 வெற்றி மட்டும் பெற்ற சாக்ரமெண்டோ, அவர் வந்ததும் 19. இப்படிப்பட்டவரை எதிரில் வைத்துக்கொண்டு 0-2இலிருந்து திரும்பி வந்தவர்கள் க்வெஸ்ட்.

ஹூஸ்டன் வெறியன்: கூப்பரை யார் மறித்திருப்பார்கள்?

நல்ல கேள்வி. யாரும் முழுதாக மறித்திருக்க முடியாது. அவரை 25 எடுக்கவிட்டு மற்றவர்களை அடக்குவதுதான் ஒரே வழி. ஐந்து ஆட்டத் தொடர் என்றால் ஹூஸ்டன் 3-2 என்பேன். போதுமா?

ஹூஸ்டன் வெறியன்: 3-0. ஸ்வூப்ஸை விட்டுவிட்டீர்கள். 1993 கல்லூரி இறுதிப் போட்டியில் கேட்டி ஸ்மித்தின் ஒஹாயோ ஸ்டேட்டுக்கு எதிராக 47 புள்ளி எடுத்தவர்.

அந்த ஆட்டத்தில் ஸ்மித் முதல் வருட மாணவி. 47 வாங்கியும் ஒஹாயோ ஸ்டேட் தோற்றது இரண்டே புள்ளியில், 84-82. இதை உங்கள் ஆதாரமாக எடுத்துக்கொள்ளுங்கள், நானும் என் ஆதாரமாக எடுத்துக்கொள்கிறேன். அடுத்த கேள்வி.

புள்ளிக்கணக்கன்: கேட்டி ஸ்மித்தின் மொத்தப் புள்ளி எவ்வளவு? இடத்துக்கு இடம் வேறு எண் இருக்கிறது.

டபிள்யூஎன்பிஏவில் மட்டும் 6,452. ஏபிஎல்லையும் சேர்த்தால் அதற்கு மேல் ஆயிரத்துச் சொச்சம். இங்கேதான் எல்லோரும் வழுக்குகிறார்கள். 'அமெரிக்கத் தொழில்முறை ஆட்டத்தில் மொத்தம்' என்று எழுதினால் இரண்டையும் கூட்டலாம், தப்பில்லை. டபிள்யூஎன்பிஏ பட்டியலில் ஏபிஎல் எண்ணைக் கொண்டுபோய்ச் சேர்க்கக் கூடாது. இரண்டு லீகிலும் ஆட்ட நேரப் பிரிவே வேறு: ஏபிஎல்லில் பத்து நிமிடக் கால்பகுதி நான்கு, டபிள்யூஎன்பிஏவில் அன்றைக்கு இருபது நிமிடப் பாதி இரண்டு. பந்தை வைத்திருக்கும் கெடு ஏபிஎல்லில் 25 நொடி, டபிள்யூஎன்பிஏவில் 30.

புதுமுகம்: வணக்கம். க்வெஸ்ட் டபிள்யூஎன்பிஏவில் எத்தனை கோப்பை...

பூஜ்ஜியம். அங்கே ஆடவே இல்லை. தயவுசெய்து மேலே ஒரு தடவை படித்துவிட்டு வாருங்கள்.

ஒஹாயோ ஓரம்: மறுபடியும் அந்த மாநிலத்துக்கு அணி வருமா?

க்ளீவ்லாந்துக்கு 2028இல் டபிள்யூஎன்பிஏ அணி வரும் என்று அறிவித்திருக்கிறார்கள். அங்கே முன்பு ராக்கர்ஸ் இருந்தது, 1997 முதல் 2003 வரை. கொலம்பஸுக்கு ஒன்றும் இல்லை.

பந்துப்பிரியை: நிக்கி மெக்ரே இப்போது என்ன செய்கிறார்?

2023 ஜூலையில் காலமானார். 51 வயதுதான். ஆடி முடித்தபின் கல்லூரி அணிகளுக்குப் பயிற்சியாளராக இருந்தார். முதல் கோப்பைக்கு அவருடைய வேகம் பெரிய காரணம்.

நெட்டைக்கால்: கடைசியாக, ஆக்லர் அப்புறம் என்ன ஆனார்?

லிங்க்ஸ் அவரை 2002இல் அனுப்பிவிட்டது. 2010இல் சியாட்டில் ஸ்டார்ம் அணியோடு கோப்பை, 2016இல் லாஸ் ஏஞ்சலஸ் ஸ்பார்க்ஸோடு இன்னொன்று. அந்த 2016 இறுதிச்சுற்று ஐந்தாவது ஆட்டம் வரை போனது. எதிரில் நின்று தோற்றது மின்னசோட்டா லிங்க்ஸ்.