உப்புக்காற்றில் போர்டு நிலைக்குமா? – எலெக்ட்ரானிக்ஸ் கேள்வி பதில்

மாடியில் ஈஎஸ்பி32 போர்டு (புரோகிராம் எழுதி இயக்கும் சின்னக் கணினி) வைத்து ஒரு வானிலை நிலையம் செய்தேன். கொஞ்ச நாளிலேயே அளவுகள் தாறுமாறாகி, அப்புறம் போர்டே செத்துவிடுகிறது. மதுரையில் என் நண்பனிடம் இதே சர்க்யூட், இதே கோட் நன்றாக ஓடுகிறது. நான் எங்கே தவறு செய்கிறேன் அண்ணா?
– பாலிடெக்னிக் மாணவர், பாம்பன்

தம்பி, முதலில் புரோகிராம் கோட்-ஐத் திருத்துவதை நிறுத்துங்கள். மதுரையில் ஓடுகிறது என்றால் கோட் சரிதான். பாம்பனில் இருப்பதும் மதுரையில் இல்லாததும் உப்பு. கடலிலிருந்து காற்றோடு வரும் உப்புத்தூசி கண்ணுக்குத் தெரியாமல் போர்டின் மேல் படிந்துகொண்டே இருக்கும். காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும், சமையலறை உப்பு ஜாடி கசிவதும் இதனால்தான். நம் கடற்கரையில் ராத்திரி நேரத்தில் அந்த அளவு சாதாரணமாக வரும். ஆக, ஒரு சொட்டு மழை படாமலே உங்கள் போர்டின் மேல் மெல்லிய உப்புத்தண்ணீர்ப் படலம் உட்கார்ந்துவிடுகிறது. அது மின்சாரத்தைக் கடத்தும். பக்கத்துப் பக்கத்துப் பின்களுக்கு நடுவே கசிவு ஓடினால் அளவுகள் ஆடும், அப்படியே பவர் கொடுத்து வைத்திருந்தால் பாசிட்டிவ் பக்கத்துச் செம்பு கொஞ்சம் கொஞ்சமாக அரித்துப் பச்சை பூக்கும்.

சோல்டர் இல்லாமல் ஒயரைச் செருகும் பிரெட்போர்டை மாடிக்கு ஏற்றவே ஏற்றாதீர்கள். அதன் உள்ளே இருக்கும் கிளிப்புகளும் ஜம்பர் ஒயர் முனைகளும்தான் முதலில் கெடும். எல்லாவற்றையும் சோல்டர் செய்யுங்கள். சோல்டர் செய்தபின் ஃப்ளக்ஸ் (சோல்டர் ஒட்ட உதவும் பசை) கறையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி நன்றாகக் காயவைத்து, அதற்கு மேல் அக்ரிலிக் கன்ஃபார்மல் கோட்டிங் (போர்டைக் காக்கும் மெல்லிய பூச்சு) ஸ்பிரேயை மெல்லிசாக இரண்டு முறை அடியுங்கள். யுஎஸ்பி வாய், கனெக்டர்கள், ஈரப்பத சென்சாரின் சிறு துளை இவற்றில் முன்கூட்டியே டேப் ஒட்டி மறைக்க வேண்டும், சென்சார் துளையில் கோட்டிங் இறங்கினால் அந்த சென்சார் அவ்வளவுதான்.

பெட்டியைப் பொறுத்தவரை ஒயர் நுழையும் வழி எப்போதும் அடிப்பக்கம் இருக்கட்டும், ஒயரும் ஒரு வளைவு கீழே தொங்கி அப்புறம் மேலேறி நுழையட்டும். முழுக்க அடைத்த பெட்டி பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். பகலில் சூடாகி விரியும் காற்று ராத்திரி குளிர்ந்து சுருங்கும்போது ஏதாவது ஒரு இடுக்கு வழியாக ஈரத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும், வந்த தண்ணீர் வெளியே போக வழி இருக்காது. அடியில் ஒரு சிறு துளை போட்டு மெல்லிய வலை ஒட்டுவது மேல். இன்னொன்று, இதை யாரும் சொல்லித் தருவதில்லை: ஹார்டுவேர் கடையில் வாங்கும் சிலிகான் பசையில் காடி வாசனை வந்தால் அதைப் பெட்டிக்குள் பூசாதீர்கள். காயும்போது அசிட்டிக் அமிலத்தை விடும், செம்பை அரிக்கும். ‘நியூட்ரல் க்யூர்’ என்று கேட்டு வாங்குங்கள்.

அர்டுயினோ போர்டு நிறுவனத்தை சிப் நிறுவனமான குவால்காம் வாங்குகிறதாமே, இனிமேல் அர்டுயினோவின் யூனோ போர்டில் படித்துப் பயன் உண்டா?
– பிளஸ் டூ மாணவி, கீழக்கரை

தாராளமாக உண்டு. 2025 அக்டோபரில் அந்த அறிவிப்பு வந்தது, கூடவே லினக்ஸ் ஓடும் யூனோ க்யூ போர்டையும் காட்டினார்கள். உங்கள் கையில் இருக்கும் பழைய யூனோவின் ஏடிமெகா328பி சிப் வேறு நிறுவனத்துடையது, போர்டின் வடிவமைப்பும் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. டைமர், இன்டரப்ட், ஏடிசி (மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதி) என்று அதில் கற்பது எந்த போர்டுக்குப் போனாலும் கூட வரும்.

உப்பளப் பாத்தியில் தண்ணீரின் செறிவை அளக்க டிடிஎஸ் சென்சார் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டுவது) வைத்தேன். காலையிலும் மாலையிலும் ஒரே எண்ணைக் காட்டுகிறது. சென்சார் பழுதா?
– பொறியியல் மாணவி, வாலிநோக்கம்

பழுதில்லை. கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் அந்த சென்சார் குடிதண்ணீருக்கானது, பெரும்பாலும் 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) வரைதான் அளக்கும். கடல் தண்ணீரே சுமார் 35,000 பிபிஎம். பாத்தியில் அதைவிடப் பல மடங்கு. அதனால் உச்சத்தில் போய் நின்றுவிட்டது.

அந்த சென்சார் பார்க்கும் மின்கடத்துத்திறனை விட்டுவிட்டு அடர்த்தியை அளந்து பாருங்கள். உப்பளத்தில் கண்ணாடி மிதவையைப் போட்டுப் ‘பாமே டிகிரி’ பார்ப்பது அடர்த்தியைத்தான். கடல் தண்ணீர் சுமார் 3.5 டிகிரி, ஏறக்குறைய 25 டிகிரியில் உப்பு விளையத் தொடங்கும். அடர்த்தியாகச் சொன்னால் 1.025-லிருந்து 1.208. இதை லோடுசெல் (எடையை மின் சிக்னலாக மாற்றும் சென்சார்) வைத்தே பிடிக்கலாம். 100 மில்லி கொள்ளளவு உள்ள ஒரு கண்ணாடி பாட்டிலில் மணல் நிரப்பி இறுக மூடி, ஒரு கிலோ லோடுசெல்லில் நூல் கட்டித் தொங்கவிட்டு, பாட்டில் முழுசாகத் தண்ணீருக்குள் மூழ்கும்படி வையுங்கள். தண்ணீரின் அடர்த்தி ஏற ஏற பாட்டிலின் எடை குறைந்து தெரியும். கண்ணாடியின் தடிமனைக் கணக்கில் எடுக்காவிட்டாலும் கடல் தண்ணீருக்கும் விளையும் தண்ணீருக்கும் இடையே சுமார் 18 கிராம் வித்தியாசம் வரும், லோடுசெல்லின் சிக்னலைப் படிக்கும் எச்எக்ஸ்711 மாட்யூலுக்கு இது மிகச் சுலபம். தண்ணீரில் எலெக்ட்ரானிக்ஸ் எதுவும் இறங்குவதில்லை என்பதால் எனக்கு இந்த முறை ரொம்பப் பிடிக்கும். பாட்டிலில் உப்புப் படிந்தால் எடை மாறிவிடும், தினமும் நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள். காற்றுக்கு ஒரு மறைப்பும் வேண்டும்.

அப்பாவின் நாட்டுப்படகுக்கு, கடல் எல்லையை நெருங்கினால் ஒலிக்கும் ஜிபிஎஸ் கருவி செய்கிறேன். கரையில் நின்று சோதித்தாலே இடம் பல கிலோமீட்டர் தள்ளிக் காட்டுகிறது. மாட்யூலை மாற்றவா?
– கல்லூரி மாணவர், தங்கச்சிமடம்

மாற்ற வேண்டாம். ஜிபிஎஸ் மாட்யூலிலிருந்து வரும் வரியில் அட்சரேகை 0917.28 என்று இருந்தால் அது 9 டிகிரி 17.28 நிமிடம். 17.28-ஐ 60-ஆல் வகுத்துக் கூட்ட வேண்டும், 9.288 டிகிரி வரும். நீங்கள் புள்ளியை நகர்த்தி 9.1728 என்று எடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அந்த ஒரு வரியால் மட்டும் இடம் தெற்கே ஏறக்குறைய 13 கிலோமீட்டர் நகர்ந்துவிடும். தீர்க்கரேகைக்கும் இதே கணக்குதான்.

எல்லைக்கோடு 1974, 1976 இந்திய-இலங்கை ஒப்பந்தங்களில் புள்ளி புள்ளியாக வரையறுத்தது, நேர்க்கோடு ஒன்று போட்டால் போதாது. அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளை இணைக்கும் ஒவ்வொரு துண்டுக்கும் படகிலிருந்து எவ்வளவு தூரம் என்று கணக்கிட்டு அதில் மிகக் குறைந்ததை எடுங்கள். புள்ளிகளின் எண்களை அதிகாரபூர்வக் கடல் வரைபடத்திலிருந்தே எடுக்க வேண்டும். எச்சரிக்கை சில கிலோமீட்டர் முன்னாடியே தொடங்கட்டும், ஏனென்றால் இன்ஜின் நின்றுபோனால் நீரோட்டம் படகை இழுத்துக்கொண்டு போகும். சின்ன பஸ்ஸர் டீசல் இன்ஜின் சத்தத்தில் கேட்காது, பளிச்சென்று மின்னும் விளக்கு ஒன்றும் சேருங்கள். ஜிபிஎஸ் சிக்னல் விட்டுப்போனாலும் விளக்கு வேறு நிறத்தில் எரிய வேண்டும், கருவி சும்மா இருக்கிறதே என்று நம்பி அப்பா மேலே போய்விடக் கூடாது.

இஸ்ரோ உருவாக்கிய, ஆபத்தில் செயற்கைக்கோள் வழியாகக் கரைக்குத் தகவல் அனுப்பும் கருவி இருக்கிறது, அதன் இரண்டாம் தலைமுறை 2024 ஜனவரியில் அறிமுகமானது. கரையில் யாருக்கும் செய்தி அனுப்பாத உங்கள் கருவி அதற்கு மாற்றாகாது, இரண்டும் படகில் இருக்கட்டும். மீன்வளத்துறை அலுவலகத்தில் அப்பாவை விசாரிக்கச் சொல்லுங்கள்.